முயற்குட்டியின் தீனியும் அவசர மாற்றமும்

செல்லப் பிராணியாக வாங்கப்படும் முயற்குட்டிகளுள் பல, புதிய வீட்டிற்கு வந்த சில தினங்களிலேயே மடிந்துபோகின்றன. வயிறு உப்புகிறது, புழுக்கை நின்றுவிடுகிறது, அல்லது நீராகக் கழிகிறது, குட்டி தீனியைத் தொடாமல் மூலையில் குந்தியிருந்து உயிர்விடுகிறது. குழந்தைகள் அழுகின்றனர், பெரியோர், "நம் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கூறி அமைகின்றனர். தண்ணீர்மீது சுமத்தப்படும் இக்குற்றம் பெரும்பாலும் நியாயமானதன்று. தீனியை ஒரே நாளில் மாற்றியதே பல சமயங்களில் உண்மைக் காரணமாகும்.

முயலின் உணவுப் பாதையில் மிகப் பெரிய உறுப்பு குருட்டுக்குடல். அங்கு வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தழையையும் புல்லையும் நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. அவ்வாறு நொதித்த பொருள் மென்மையான உருண்டைகளாக வெளிவரும்போது, முயல் அவற்றை வாய்வைத்து மீண்டும் உட்கொள்கிறது. இவ்வழக்கத்தைப் பிரெஞ்சுக் கால்நடை வைத்தியரான மோரோ 1882ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார். பி வகை வைட்டமின்களையும் புரதத்தையும் முயல் இவ்வழியாகப் பெறுகிறது. இதைக் கண்டு அருவருத்துத் தடுப்பது தவறு.

இந்நுண்ணுயிர்கள் பழகிய தீனிக்கு ஏற்ப அமைந்தவை. மாவுச்சத்தும் சர்க்கரையும் திடீரென மிகுந்தால் அவற்றின் சமநிலை குலைகிறது; நச்சை உண்டாக்கும் கிருமிகள் பெருகுகின்றன. நார்ச்சத்துக் குறைந்தால் குடலின் அசைவே தளர்ந்துவிடும். முயலால் வாந்தியெடுக்கவும் இயலாது. தாய்ப்பால் மறக்கும் 4 முதல் 8 வாரப் பருவத்தில் இந்த ஆபத்து மிக அதிகம். குட்டிகள் விற்கப்படுவதும் ஏறத்தாழ அப்பருவத்திலேதான்!

சித்தூரிலும், 2022ஆம் ஆண்டில் தனி மாவட்டமான திருப்பதியிலும் இவ்விஷயம் தனிக் கவனத்திற்குரியது. இது நிலக்கடலை விளையும் சீமை. கடலைப் பிண்ணாக்கு எளிதிற் கிடைக்கும். ஆனால் பூஞ்சணம் பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை முயல் சிறிதும் தாங்காது. கோடையில் இங்கு வெப்பம் 40 டிகிரி செல்சியசையும் கடப்பதுண்டு. 30 டிகிரிக்கு மேலேயே முயல் தீனியைக் குறைத்துக்கொள்ளும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் தென்மண்டல ஆராய்ச்சி மையம் முயல்களை வளர்த்து வருகிறது. அத்தகைய குளிர்ந்த இடத்திலிருந்து சமவெளிக்குக் குட்டியைக் கொணர்பவர், வெப்பம், பயணம், புதுத் தீனி ஆகிய மூன்று துன்பங்களையும் ஒருசேர அதன்மேல் சுமத்துகின்றனர்.

"காட்டு முயல் கிடைத்ததைத் தின்று வாழவில்லையா?" என்று சிலர் வினவக்கூடும். சேஷாசல மலைச்சாரலில் திரியும் முயல் வேறு இனம். அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிற்கு உட்பட்டது. அதுவும் பருவத்தோடு மெல்ல மாறும் புல் பூண்டுகளை உண்கிறதேயன்றி, ஒரே இரவில் பிஸ்கோத்துக்கும் சோற்றுக்கும் மாறுவதில்லை.

"மாடுகளுக்கே வைத்தியம் போதாதபோது முயலுக்கு என்ன அவசரம்?" என்பது மற்றோர் ஆட்சேபம். கனுமப் பண்டிகையன்று அன்பு மிகுதியால் பொங்கலை அளவின்றி ஊட்டப்பெற்ற மாடு வயிறு உப்பிச் சாய்வதைக் களப்பணியாளர் அறிவர். பழகாத மாவுத் தீனி நுண்ணுயிர்களைக் குலைக்கும் விதி இரண்டிற்கும் பொது. முயற்கூண்டின் அருகில் அதைக் கற்கும் சிறுவன் நாளை தன் தொழுவத்திலும் அதை மறவான்.

ஆதலின் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, முயல் விற்பவர் எவராயினும் குட்டியுடன் ஒரு வாரத்திற்குரிய பழகிய தீனியையும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும். வாங்குபவர் முதல் மூன்று நாள் அதையே கொடுத்து, பின்னர் புதுத் தீனியைக் கால்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு என 7 முதல் 10 நாட்களில் உயர்த்தலாம். உலர்ந்த புல் எப்பொழுதும் கூண்டில் இருக்கட்டும். தூய நீர் குறையலாகாது. வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழைகளைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். படப்புத்தகங்களில் முயலின் கையில் காணும் காரட், எப்போதேனும் ஒரு சிறு துண்டு கொடுக்கத்தக்க தின்பண்டமே.

இரண்டாவது, அபாயக் குறிகளைப் பள்ளியிலும் கிராமத்திலும் கற்பித்தல் வேண்டும். அரைநாள் தீனி தொடாத, புழுக்கையிடாத முயலை உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டிலுள்ள பெனிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியே புகட்டுவது, காக்கும் நுண்ணுயிர்களை அழித்து மரணத்தையே விளைவிக்கக்கூடும். 1955ஆம் ஆண்டு முதல் திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அங்கு வளரும் அறிவு கூண்டுவரை சென்றடையச் செய்வது களப்பணியாளரும் ஆசிரியரும் ஏற்கத்தக்க பொறுப்பு.

இவற்றிற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. ஒரு கட்டுப் புல்லும், பத்து நாள் பொறுமையும் போதும்.