‘இப்போ என்ன கேட்டுட்டு இருக்க?’ - ஒரு பாட்டுக்குப் பதில் முழு ஆல்பத்தையும் ஏன் பகிர வேண்டும்?

காலை எட்டு மணி. ஆவடியில் இருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயில். உட்கார இடம் கிடைத்தவரும் சரி, கைப்பிடியைப் பிடித்துத் தொங்குபவரும் சரி, ஏறியதும் செய்யும் முதல் வேலை ஒன்றுதான். காதில் இயர்பட்ஸ். அம்பத்தூர் வருவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்து விழும். “மச்சி, இத கேட்டியா? வேற லெவல்!” கீழே ஒரு லிங்க்.

அந்த லிங்க் பெரும்பாலும் ஒரே ஒரு பாட்டுக்கானதாக இருக்கும். “இந்த ஆல்பத்த முதல்ல இருந்து கேளு” என்று அனுப்புபவர்கள் குறைவு. பார்த்தால் இது வெறும் ரசனை விஷயம். ஆனால், சினிமாவுக்கு வெளியே தமிழில் பாடும் ஒருவருக்கு அவருடைய பாட்டிலிருந்து காசு வருமா, வராதா என்பதில் இந்தச் சின்ன விஷயத்துக்கும் பங்கு இருக்கிறது. எப்படி?

‘ஆல்பம் சாங்’ - பெயரிலேயே குழப்பம்

தமிழில் ‘ஆல்பம் சாங்’ என்று சொன்னால், படத்தில் வராத தனிப்பாடல் என்றுதான் அர்த்தம். 2024-ன் தொடக்கத்தில் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ வந்தபோது அதையும் ஆல்பம் சாங் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அது தனியாக வெளியான ஒரே பாட்டு. ஆல்பமே இல்லாத பாட்டுக்குப் பெயர் ஆல்பம் சாங்!

உண்மையில் ஆல்பம் என்பது பல பாடல்களை ஒரு வரிசையில் கோத்து, ஒரே படைப்பாகக் கொடுப்பது. தமிழ் ரசிகர்களுக்கு இது புதிதில்லை. 1986-ல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்?’ வெளியிட்டார். படம் இல்லை, கதாநாயகன் இல்லை, பாடல் வரிகளும் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட இசைத் தொகுப்பு அது. 2012-ல் ஹிப்ஹாப் தமிழா ‘ஹிப் ஹாப் தமிழன்’ என்ற ஆல்பத்தோடுதான் வந்தார்கள். சினிமா வாய்ப்புகள் பிறகு வந்தவை.

இன்று சினிமாவிலேயே ஆல்பம் என்பது துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள், அப்புறம் தேர்டு சிங்கிள். ஆடியோ லாஞ்ச் நடக்கும் நாளில் பாதிப் பாட்டு பழசாகி இருக்கும். மீதிப் பாட்டுகளை யாரும் தேடிப்போவதில்லை.

30 விநாடி, 1,000 முறை: பணம் எப்படிக் கணக்காகிறது?

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதில் ஒரு பாட்டைக் குறைந்தது 30 விநாடி கேட்டால்தான் ஒரு ‘ஸ்ட்ரீம்’. 29-வது விநாடியில் தள்ளிவிட்டால் கணக்கில் வராது.

நாம் கட்டும் சந்தா, நாம் கேட்ட பாடகருக்கே நேராகப் போவதும் இல்லை. எல்லோருடைய சந்தாவும் விளம்பர வருமானமும் ஒரே உண்டியலில் விழும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பாடல்களின் உரிமையாளர்களுக்குப் பிரியும். மொத்த ஸ்ட்ரீம்களில் யாருடைய பாட்டு எத்தனை சதவீதமோ, அந்த அளவுக்குப் பங்கு.

2024-ன் தொடக்கத்தில் இன்னொரு விதி சேர்ந்தது. முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு, ஒலிப்பதிவுக்கான பங்கு கிடையாது. கவனிக்க வேண்டியது: இது கலைஞருக்கான கணக்கு இல்லை, ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு. அந்தப் பங்கு வரம்பைத் தாண்டிய மற்ற பாடல்களுக்குப் போய்விடும். ‘அவ்வளவு சின்னத் தொகை கலைஞரின் கைக்குப் போய்ச் சேர்வதே இல்லை’ என்பது நிறுவனத்தின் வாதம். அதோடு, குறைந்தது இத்தனை தனித்தனி நபர்கள் கேட்டிருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. எத்தனை பேர் என்பதை நிறுவனம் சொல்லவில்லை. ஆகவே, ஒரே ரசிகர் ராத்திரி முழுக்க லூப்பில் ஓடவிட்டாலும் வேலைக்கு ஆகாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு ஆல்பத்தில் 10 பாட்டு. அதை 100 பேர் மாதம் ஒரு முறை முழுதாகக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் 1,200 ஸ்ட்ரீம். பத்துப் பாட்டுமே வரம்பைத் தாண்டிவிடும்.

அதே 100 பேர் அதில் ஒரே பாட்டைத்தான் பகிர்ந்து, அதை மட்டுமே மாதம் ஒரு முறை கேட்டால்? அந்த ஒன்று மட்டும் தாண்டும். மற்ற ஒன்பதும் பூஜ்யம்.

1,000 ஸ்ட்ரீம் தாண்டியதால் யாரும் பணக்காரர் ஆகிவிடப்போவதில்லை. ஆனால் தாண்டினால்தான் கணக்கிலேயே வருவார்கள். காலை நேர மின்சார ரயிலில் 100 பேர் என்பது ஒரு பெட்டிக்கே போதாத கூட்டம். பெரிய படத்தின் பாட்டுக்கு இந்த 100 பேர் தேவையில்லை. சொந்தக் காசில் ஒரு ஆல்பம் போட்டவருக்கு இந்த 100 பேர்தான் எல்லாமே.

பி சைடு தந்த ஆச்சரியம்

கேசட் காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு பாட்டை மட்டும் வாங்க முடியாது. 1992-ல் ‘ரோஜா’ கேசட் வாங்கியவர்கள் ஒரு பாட்டுக்காக வாங்கியிருந்தாலும், கையில் வந்தது எல்லாப் பாட்டும்தான். ஃபார்வர்ட் பட்டனை அடிக்கடி அழுத்தினால் வாக்மேன் பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் பிடிக்காத பாட்டும் ஓடும். நாலாவது முறை ஓடும்போது அதுவே பிடித்தும் போகும்.

அப்போது பல கேசட்டுகளில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். ஹிட் படத்துக்காக வாங்கிய கேசட்டின் பி சைடில் இருந்த பேர் தெரியாத படத்தின் பாட்டை இன்றும் முணுமுணுப்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார்கள். அந்தப் பாட்டை யாரும் தேடிப் போகவில்லை. அது தானாகக் கைக்கு வந்தது.

இன்றைய செயலிகள் இதற்கு நேர் எதிர். நேற்று கேட்டது போலவே இன்னொன்றைத்தான் நீட்டும். புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து சேர்ப்பது இன்னமும் நண்பர்கள்தான்.

அரக்கோணம் லைனில் இருந்து ஒரு உதாரணம்

ஆவடியைத் தாண்டி அதே தண்டவாளத்தில் போனால் அரக்கோணம். ராப் கலைஞர் அறிவின் ஊர். 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது அந்தக் குழுவில் இருந்தவர். 2019-ல் இசைக்கலைஞர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குறள்’ என்ற ஆல்பத்தைக் கொடுத்தார். 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ‘எஞ்சாமி’யை மனப்பாடமாகப் பாடுகிற எல்லோருக்கும் ‘தெருக்குறள்’ தெரியாது. அதை எழுதியவர் அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே என்ன சொல்லிக்கொண்டு இருந்தார் என்பது அந்த ஆல்பத்தைக் கேட்டால்தான் புரியும்.

‘ஒரு பாட்டு வைரல் ஆனால் போதும், லைஃப் செட்டில்’ என்று நினைப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. உலகம் முழுக்க ஓடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் இருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். ஒப்பந்தம், உரிமை போன்ற சிக்கல்களை ரசிகர்களால் தீர்க்க முடியாது. ஆனால் ஒரு கலைஞர் ஒரே ஒரு ஹிட்டை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம் என்ற நிலையை உருவாக்க ரசிகர்களால் முடியும்.

‘பிடிச்ச ஒரு பாட்டு போதாதா?’

நியாயமான கேள்விதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருபவருக்கு இசை என்பது ஓய்வு. அங்கேயும் போய், ‘பத்துப் பாட்டையும் வரிசையாகக் கேள்’ என்று பாடம் எடுத்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். பூந்தமல்லி பஸ்ஸில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டவருக்குத் தெரிந்த பாட்டே ஆறுதல். சினிமா ஆல்பங்களை வரிசையாகக் கேட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. அந்தப் பாடல்கள் படத்தின் காட்சிகளுக்காக உருவானவை.

ஆனால், ஆல்பமாக யோசித்துச் செய்யப்பட்டதை ஆல்பமாகக் கேட்டால் கிடைப்பது வேறு அனுபவம். 2021-ல் ‘30’ ஆல்பம் வந்தபோது பிரிட்டிஷ் பாடகி அடெல், வரிசை மாற்றாமல் கேட்கும்படி கேட்டுக்கொண்டார். அதைத் தொடர்ந்து, ஆல்பம் பக்கங்களில் தானாகவே கலைத்துப்போடும் ஷஃபிள் முறையை ஸ்பாட்டிஃபை மாற்றியது. பெரிய நட்சத்திரம் என்பதால் அவர் பேச்சு எடுபட்டது. சின்னக் கலைஞர்களுக்காக அதைச் சொல்ல ரசிகர்களை விட்டால் ஆள் இல்லை.

நேரம் ஒரு பிரச்சினையா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. ஆவடியில் இருந்து சென்ட்ரலுக்குச் சாதாரண மின்சார ரயிலில் சுமார் 45 நிமிடம். பழைய எல்.பி. இசைத்தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். போக ஒரு ஆல்பம், வர ஒரு ஆல்பம்.

எப்படிப் பகிர்ந்தால் பலன்?

- லிங்க் மட்டும் போதாது. ஒருவர் ஸ்பாட்டிஃபை, இன்னொருவர் ஜியோசாவன், மூன்றாமவர் யூடியூப். ஒரு செயலியின் லிங்க் அடுத்தவருக்குப் பயன்படாமல் போகலாம். செயலியே காணாமல் போவதும் உண்டு. 2024-ல் ரெஸ்ஸோ இந்தியாவை விட்டுப் போனது. அதே வருடம் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. ஆல்பத்தின் பெயரையும் கலைஞரின் பெயரையும் எழுத்தில் போட்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் தேடலாம்.

- ஒரு வரி சேருங்கள். ‘வேற லெவல்’ என்பதில் தகவல் எதுவும் இல்லை. “மூணாவது பாட்டுல பறை ஆரம்பிக்கிற இடத்த கவனி” என்றால் மூன்றாவது பாட்டு வரைக்கும் நிச்சயம் கேட்பார்கள்.

- ஸ்டேட்டஸோடு நிறுத்த வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோவோடு வைக்கும் பாட்டு 15 விநாடிதான் ஓடும். அதைப் பார்த்தவர் இசைச் செயலிக்குப் போய்க் கேட்டால்தான் அது அங்கே ஸ்ட்ரீம் ஆகும்.

- திரும்பக் கேளுங்கள். “நீ இப்போ என்ன கேட்டுட்டு இருக்க?” என்று கேட்டால்தான் பகிர்வு இரண்டு பக்கமும் நடக்கும். வருகிற பதில் உங்கள் ரசனைக்கு ஒத்துவராததாக இருந்தால் இன்னும் நல்லது. அதுதான் இன்றைய பி சைடு.

வருடக் கடைசியில் எல்லோரும் தங்கள் ‘ராப்டு’ பட்டியலை ஸ்டோரியில் போடுவார்கள். ‘நான் எத்தனை ஆயிரம் நிமிடம் கேட்டேன்’ என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்து யாரும் ஒரு புது ஆல்பத்தைத் திறப்பதில்லை. நாளைக் காலை ரயிலில் நண்பர் ஒருவருக்கு ஒரு ஆல்பத்தின் பெயரை, ‘ஏன் கேட்கணும்’ என்ற ஒரு வரியோடு அனுப்பினால் அவர் திறப்பார். அந்த 100 பேரில் ஒருவர் சேர்ந்தாயிற்று.