ஸ்பெயார் வீல் எங்கே?



"மொரிஸ் மைனர் மாதிரி வருமா?" என்று பெரியவர்கள் கேட்டால் சிரிக்கிறோம். சிரிக்க முன் உங்கள் காரின் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

மொரிஸ் மைனர் டிக்கியின் அடித்தட்டில் ஸ்பெயார் வீல் இருந்தது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திறந்ததும் ஊரெல்லாம் ஹைபிரிட் பேச்சு. ஆனால் ஜப்பானிலிருந்து வரும் அக்குவா, வேகன் ஆர் பலவற்றில் ஸ்பெயார் வீல் இல்லை. ஒரு பசைப் போத்தலும் சின்னக் காற்றுப் பம்பும்தான்.

பாரம் குறையும், பெற்றோல் மிச்சம் என்கிறார்கள். சரி. அந்தப் பசை ஆணி குத்திய சிறு துளையை அடைக்கும். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் உதவாது. போத்தலுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. எத்தனை பேர் பார்த்தோம்?

இரவில் நோயாளியோடு கண்டிக்குப் போகிறோம். மஹாஓயா தாண்டி யானை நடமாடும் காடு. அங்கே டயர் வெடித்தால் பசையை வைத்து என்ன செய்வது?

இது பழமை மோகம் இல்லை. இலட்சக்கணக்கில் கொடுப்பவன் ஐந்தாவது சக்கரம் கேட்பது நியாயம். வாகனம் விற்கும் சகோதரர்களே, அதற்குத் தனிக்காசு கேட்காதீர்கள். வாங்குவோரே, நிறத்தைப் பார்க்க முன் டிக்கியைப் பாருங்கள்.