தாம்பூலப் பைக்குச் சுக்குமல்லித் தூள்

கேள்வி: "ஆவணியில் மகள் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயோடு, எங்கள் மானாவாரிக் காட்டில் விளைந்த மல்லியில் சுக்குமல்லி காபித் தூள் செய்து வைக்க ஆசை. 250 பை வேண்டும். போன தீபாவளிக்குக் கருப்பட்டி கலந்து செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் கட்டி தட்டி, சில வீடுகளில் பூசணமும் பிடித்துவிட்டது. பேச்சு வாங்கியதுதான் மிச்சம். வீட்டில் இன்னும் இரண்டு கிலோ கிடக்கிறது. அதை வறுத்து இதோடு சேர்த்துக்கொள்ளலாமா அண்ணாச்சி?"
- ஒரு வாசகி, விளாத்திகுளம் வட்டாரம்

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேர்க்கவே கூடாது தங்கச்சி. வறுத்தால் பூசணம் சாகும். ஆனால் சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விட்டுவைத்துப் போகும். அது அடுப்புச் சூட்டில் முழுதாக அழியாது. கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சு அது. உங்கள் பையில் இருக்கிற தூளைப் பச்சைக் குழந்தைக்காரியும் குடிப்பாள், எண்பது வயதுக் கிழவியும் குடிப்பாள். வீணாகப் போகிறதே என்று மாட்டுத் தவிட்டிலும் கலக்காதீர்கள், பாலில் இறங்கும். குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுங்கள்.

போன தடவை ஏன் கெட்டது? கருப்பட்டி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசியோ உங்கள் பக்கம் மழை மாதம். தூளோடு கருப்பட்டியைக் கலந்து அந்த மாதத்தில் பொட்டலம் கட்டினால், யார் செய்தாலும் அதுதான் நடக்கும். இந்த முறை காலம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆடியில் வெயிலும் உண்டு, காற்றும் உண்டு, நன்றாகக் காயும். மாசியில் அறுத்த மல்லியை இப்போதே அரைத்து வைக்க வேண்டாம். முழு மல்லியாக இருந்தால்தான் மணம் நிற்கும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அரைத்தால் போதும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வண்டுக்குப் பயந்து மூட்டைக்குள் மருந்து மாத்திரை போட்டு வைத்த மல்லியாக இருந்தால் அதை எடுக்காதீர்கள். அந்த மாத்திரை, ஆட்கள் படுத்துறங்கும் வீட்டுக்குள் இருக்கவே கூடாத சாமான். அசுவினிக்கு மருந்தடித்த வயல் என்றால், அறுவடையை ஒட்டி அடித்த பாத்தி மல்லியையும் ஒதுக்கிவிடுங்கள்.

பைக்கு 50 கிராம் என்றால் 250 பைக்குப் பன்னிரண்டரை கிலோ தூள் வேண்டும். அதற்கு மல்லி 10 கிலோ, சுக்கு இரண்டரை கிலோ, மிளகு முக்கால் கிலோ, ஏலக்காய் 200 கிராம். திப்பிலி சேர்க்கிற வழக்கம் இருந்தால் 100 கிராம்; அதற்கு மேல் போனால் மருந்து வாடை வந்துவிடும். காய்ச்சலிலும் சலிப்பிலும் போவது போக, கணக்குச் சரியாக வரும். முழு அளவுக்கு இறங்கும் முன் 200 கிராம் மல்லி, 50 கிராம் சுக்கு, 15 கிராம் மிளகு, 4 கிராம் ஏலக்காய் வைத்து மிக்சியில் அரைத்துக் குடித்துப் பாருங்கள். காரம் கூடுதலாகத் தெரிந்தால் மிளகைத்தான் குறைக்க வேண்டும், சுக்கை அல்ல.

செலவு இழுப்பது சுக்கும் ஏலக்காயும்தான். இஞ்சி கிடைத்தால் சுக்கை வீட்டிலேயே போடலாம். முற்றிய இஞ்சியாக, நார் உள்ளதாகப் பார்த்து வாங்கி, தோலைச் சுரண்டி, எட்டுப் பத்து நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். ஐந்து கிலோ இஞ்சிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சுக்கு தேறும். ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. கடையில் வாங்குவதானால் வெள்ளை வெளேரென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது சுண்ணாம்புப் பூச்சு. மண்நிறத்தில் இருப்பதை எடுத்து, ஒன்றிரண்டை உடைத்து உள்ளே பாருங்கள். ஊசித் துளை இருந்தால் வண்டு குடியிருந்த சுக்கு. தோலோடு இருந்தால் சீவிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

மல்லியைப் புடைத்து, கல், காம்பு பொறுக்கி, ஒரு நாள் முழு வெயிலில் போடுங்கள். பிறகு சிறு தீயில், ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகாமல் வறுக்க வேண்டும். மணம் எழும்பியதும் இறக்கிவிடுங்கள். சிவக்க வறுத்தால் குழம்புப் பொடி வாசம் வந்துவிடும். மிளகையும் ஏலக்காயையும் சட்டி சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். ஏலக்காயைத் தோலோடு போடலாம். சுக்கை வறுக்க வேண்டாம், உரலில் இடித்துச் சிறு துண்டாக்கிக்கொள்ளுங்கள். முழுசாகப் போட்டால் மிக்சியின் பிளேடுதான் போகும்.

மாவு மில்லுக்குக் கொண்டுபோனால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். மிளகாய் அரைத்த மிஷினில் அடுத்ததாகப் போட்டால் கல்யாண வீட்டார் காபி குடித்துவிட்டு இருமிக்கொண்டே போவார்கள். முதலில் ஒரு கிலோ பச்சரிசியை அரைத்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில். மில்லிலிருந்து வரும் தூள் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை அப்படியே கவரில் அடைத்தால் உள்ளே வியர்த்து, அந்த வியர்வையே கட்டி தட்டவைக்கும். வீட்டுக்கு வந்ததும் வேட்டியை விரித்து நிழலில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, மெல்லிய கண் சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்கும் கப்பியை மறுபடி அரைக்கலாம். நைசாக இல்லாவிட்டால் டம்ளர் அடியில் மண்டி நிற்கும். பொட்டலம் கட்டுகிற கையும் கரண்டியும் உலர்ந்திருக்க வேண்டும். மேகம் மூட்டமாக இருக்கிற நாளில் அந்த வேலையே வேண்டாம்.

துணிப்பையும் பட்டர் பேப்பரும் பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைத் தடுக்காது. உள்ளே ஈயத்தாள் வைத்த கவரில் அடைத்து வாய் ஒட்டிவிட்டு, அதைப் பனை ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். ஓலை முடைகிறவர்கள் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வேலை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: அரைத்த தேதி, சேர்த்த சாமான்கள், 'ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், மூன்று நிமிடம் கொதிக்கவிடவும், இனிப்பு தனியே'. 50 கிராம் தூள் ஒரு வீட்டுக்குப் பதினைந்து டம்ளருக்கு மேல் வரும். மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். பால் சேர்ப்பவர்கள் கருப்பட்டியோடு கொதிக்கவிட்டால் திரிந்துபோகக்கூடும். அடுப்பை அணைத்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள்.

கருப்பட்டி இல்லாமல் கொடுக்க மனசில்லை என்றால் சம்பந்தி வீட்டுக்கும் நெருங்கிய உறவுக்கும் மட்டும் வில்லை செய்யுங்கள். 250 பைக்கும் என்றால் கட்டுபடியாகாது. ஒரு கிலோ கருப்பட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி காய்ச்சுங்கள். கடலை மிட்டாய்க்குப் பார்ப்பதுபோல, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் போட்டால் சத்தம் கேட்க வேண்டும். இறக்கி 100 கிராம் தூளைத் தூவிக் கிளறி, இறுகும் முன்னே பணியாரச் சட்டிக் குழியில் பாதியளவு ஊற்றுங்கள். ஆறியதும் கழன்று வரும். ஒரு டம்ளருக்கு ஒரு வில்லை. கருப்பட்டியில் சீனி கலந்திருந்தால் பதம் மாறும். அதனால் கால் கிலோவில் ஒரு முறை செய்து பார்த்துவிட்டு இறங்குங்கள். இதையும் ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

கருப்பட்டி என்றால் சர்க்கரை நோய்க்காரர்கள் இஷ்டத்துக்குக் குடிக்கலாம் என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. அதுவும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இனிப்பைத் தனியாக வைப்பதில் இந்த வசதியும் இருக்கிறது.

கல்யாணத்துக்குக் கொடுப்பதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். நன்றாக வந்து, நாலு பேர் கேட்டு, விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தால் வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணைக் கவரில் போட வேண்டும்.

கேள்வி: "டீத்தூள், பால் பவுடர், சீனி, மசாலா எல்லாம் கலந்து, வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற மாதிரி மசாலா டீ மிக்ஸ் செய்து பொங்கலுக்குக் கொடுக்க நினைத்தேன். டீத்தூளை எவ்வளவு நைசாக அரைத்தாலும் கரையவில்லையே?"
- ஒரு வாசகர், கோத்தகிரி

கரையாது. இலைத் தூளை மாவாக அரைத்தாலும் அது இலைதான். கடையில் விற்கிற உடனடி டீ வேறு சாமான்; டீயைக் காய்ச்சி வடித்து, அந்தச் சாற்றை உலர்த்தி எடுப்பது. அது வீட்டில் ஆகிற வேலை இல்லை. பால் பவுடரும் வேண்டாம். கொழுப்பு உள்ளது என்பதால் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும், ஈரம் பட்டால் கட்டியாகும்.

கால் கிலோ டீத்தூளுக்குச் சுக்கு 15 கிராம், ஏலக்காய் 10, மிளகு 5, பட்டை 5, கிராம்பு 3 கிராம். மசாலாவை மட்டும் கொரகொரப்பாகப் பொடித்து, ஆறவைத்துக் கலந்து டப்பாவில் போட்டுக் கொடுங்கள். வாங்குபவர் எப்போதும்போல் பாலில் கொதிக்கவிட்டு வடிகட்டிக் குடிப்பார். டீத்தூள் பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் பிடித்துக்கொள்ளும். ஊதுபத்தி, சோப்பு வைத்த அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.