'ஒரு மாதிரியா இருக்கு' - இதற்கு என்ன மருந்து?

"டாக்டர், உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. சத்துக்கு ஏதாவது லேகியம் கொடுங்க!" சித்த வைத்தியரிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நோயைச் சொல்வதில்லை, மருந்தைச் சொல்கிறார்கள். இது ஆபத்து என்பது என் கருத்து.

'வாயு' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்பமும் வாயு, வயிற்று உப்புசமும் வாயு, முழங்கால் பிடிப்பும் வாயு, நெஞ்சடைப்பும் வாயு! வாயுவுக்குச் சூரணம் கேட்டு வந்த ஓர் அம்மாவிடம், "எப்போம்மா வருது?" என்றேன். "மாடிப்படி ஏறினா நெஞ்சைப் பிடிக்குது, உட்கார்ந்தா சரியாயிடுது" என்றார். சூரணம் கொடுக்கவில்லை, அன்றைக்கே இருதய டாக்டரிடம் அனுப்பினேன். உட்கார்ந்த பிறகும் வலி அடங்காமல், வியர்த்துக் கொட்டினால் எந்தக் கஷாயத்தையும் தேடாதீர்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

தலைச்சுற்றலும் அப்படித்தான். வீடே சுற்றுவது வேறு, எழுந்ததும் கண் இருட்டுவது வேறு, நடையில் தள்ளாடுவது வேறு. காரணங்கள் வேறு என்பதால் மருந்தும் வேறு.

"நாடி பிடிச்சா தெரியாதா?" என்பீர்கள். எண்வகைத் தேர்வில் நாடி ஒன்றுதான். பொறியால் அறிதல், புலனால் அறிதல் என்பவற்றோடு 'வினாதல்' என்பதையும் சித்த மருத்துவம் சேர்த்தே வைத்திருக்கிறது. அதனால் கேட்பது வைத்தியரின் கடமை. கேட்காமலே சீட்டு எழுதித் தருகிறவருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால், பதில் உங்களிடம்தானே இருக்கிறது?

கம்ப்யூட்டர் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. "நல்லா, வேகமா இருக்கணும்" என்றால் அவர்கள் எதைச் செய்வார்கள்? அதனால் யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதி வாங்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. நாமும் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் இவற்றை எழுதிக்கொள்ளலாமே!

* எங்கே, என்ன செய்கிறது?
* எத்தனை நாளாக? எந்த நேரத்தில்?
* எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?
* இதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை?
* இப்போது சாப்பிடும் மருந்துகள் (ஆங்கில மருந்து உள்பட) என்னென்ன?

நாலாவது கேள்விதான் முக்கியம். "பலவீனமா இருக்கு" என்பதைவிட, "ஒரு குடம் தண்ணி தூக்கினா மூச்சு வாங்குது" என்பது வைத்தியருக்கு ஆயிரம் விஷயம் சொல்லும்.

நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை எங்களுக்கு விடுங்கள். உடம்பு படும் பாட்டை மட்டும் உள்ளபடி சொல்லுங்கள்.