பிரசவ லீவிலேயே பிள்ளையின் காதையும் சோதித்துவிடுங்கள்



பிள்ளை பிறந்தால் எடை பார்க்கிறோம், ஊசி போடுகிறோம், காதும் குத்துகிறோம். அந்தக் காது கேட்கிறதா என்று பார்க்கிறோமா? இரண்டு வயதாகியும் பேச்சு வராவிட்டால், "அவன் மாமனும் லேட்டாத்தான் பேசினான், வந்துடும்" என்பார் பாட்டி. அந்த ஆறுதலிலேயே இன்னொரு வருஷம் ஓடிவிடும்.

காது வழியாகப் போனால்தானே வாய் வழியாகப் பேச்சு வரும்? மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் முதல் சில வருஷங்கள். அதனால்தான் மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1 மாதத்துக்குள் முதல் சோதனை. சந்தேகம் வந்தால் 3 மாதத்துக்குள் முழுச் சோதனை. குறை உறுதியானால் 6 மாதத்துக்குள் காதுக் கருவி, சைகை மொழி போன்ற உதவி.

"கை தட்டினோம், திரும்பினானே" என்பீர்கள். கை அசைவதைக் கண்டும் பிள்ளை திரும்பும். லாரிச் சத்தமும் மேளச் சத்தமும் கேட்கிற பிள்ளைக்கும் பேச்சின் மெல்லிய ஓசைகள் கேட்காமல் போகலாம். காது கேளாத பிள்ளையும் முதல் சில மாதம் 'ஆ, ஊ' என்று சத்தம் போடத்தான் செய்யும். வீட்டுச் சோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரிச் சோதனையில் வலியே இல்லை. தூங்குகிற பிள்ளையின் காதில் சின்ன முனை ஒன்றை வைத்து மெல்லிய சத்தம் அனுப்புவார்கள். நல்ல உட்காது பதிலுக்கு ஓசை எழுப்பும். கருவி அதைப் பதிந்துகொள்ளும். சில நிமிட வேலைதான். குறைமாதப் பிள்ளை, கடும் மஞ்சள் காமாலை கண்ட பிள்ளை, குடும்பத்தில் சிறு வயதிலேயே காது கேளாதவர் உள்ள பிள்ளை, நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளை, இவர்களுக்குச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். தேறிய பிள்ளையும் பிறகு பேச்சில் பின்தங்கினால் மறுபடியும் கொண்டுபோங்கள்.

"லீவு போட்டா சம்பளம் போகுமே?" நியாயமான கேள்வி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில், மாதம் 26 நாள் கணக்குக்கு, ஒரு நாள் கூலி 65 வெள்ளிக்குச் சற்று மேல். ஆனால் சட்டம் நம் கையில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் பிரசவ லீவு 98 நாள். முதல் சோதனையும் முழுச் சோதனையும் அதற்குள் அடங்கிவிடுகின்றனவே! தகுதியுள்ள தகப்பனுக்கும் 7 நாள் உண்டு. அதைத் தவறவிட்டாலும், ஒரு வருஷம் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு வருட லீவு குறைந்தது 8 நாள் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போங்கள்.

நிர்வாகத்துக்கும் ஒரு சொல். வெட்டிய செம்பனைக் குலை கிடந்தால் எண்ணெய் கெட்டுவிடும் என்று லாரியை மில்லுக்கு விரட்டுகிறீர்கள். தாயும் பிள்ளையும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு வேன் கிடைக்காதா? தோட்டக் கமிட்டித் தலைவர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இதைக் கேட்க வேண்டும்.

குலை கெட்டால் மறு வெட்டில் வேறு குலை கிடைக்கும். பிள்ளை பேச்சுப் பழகும் வயது போனால் திரும்பாது.