முதற்காதலும் ஒப்பாரிக் கோச்சியும்

முதற்காதல் மானிடர் யாவர்க்கும் பொதுவானது. அது கைகூடாமற் போவதும், அந்த ஏமாற்றத்தினூடாகச் சிறுவன் வளர்ந்து ஆளாவதும் இயற்கையின் நியதி என்பது தமிழ் வாசகர் பலரது நம்பிக்கை. இந்நம்பிக்கையை அளவுகோலாகக் கொண்டு மலையக எழுத்தின்மீது ஒரு குற்றச்சாட்டும் சுமத்தப்படுவதுண்டு. அங்கே சம்பளமும் லயமும் பிரசாவுரிமையும் உண்டு, இளநெஞ்சின் மென்மை இல்லை என்பதே அது. அளவுகோலும் பிழை, குற்றச்சாட்டும் பிழை.

1979 இல் வெளிவந்த 'அழியாத கோலங்கள்' திரைப்படத்தை இவ்விடத்தில் நினைவுகூரலாம். மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த பாலுமகேந்திரா, ஆசிரியை ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கும் கிராமத்துச் சிறுவரின் பருவத்தை அதில் நுட்பமாகக் காட்டினார். அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும், வளர்ந்த மனிதன் ஒருவனின் நினைவாகவே அக்கதை விரிகின்றது. நினைந்து ஏங்குவதற்கும் பள்ளிப் பருவம் என்ற ஒன்று வாய்த்திருத்தல் வேண்டும். காலூன்றி நிற்க ஓர் ஊர் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவனின் நிலை யாது?

1970களின் தொடக்கத்தில் கந்தப்பளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த சிறுவனை எண்ணிப் பார்க்கலாம். அக்காலத் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அடுத்த வாங்கில் அமர்ந்திருந்தவள்மீது அவன் மனம் சாயத் தொடங்கும் வேளையில், தம்பி தங்கையரைப் பார்ப்பதற்காக அவள் வீட்டில் நிறுத்தப்படுவாள். சில ஆண்டுகளில் அவளுக்குக் கொழுந்துக் கூடை. அவனுக்கு முள்ளும் மண்வெட்டியும். பெயர் பதிந்த நாளோடு இருவரும் 'ஆட்கள்' ஆகிவிடுவர். சிறுவனின் ஏமாற்றத்தைப் பாட முனைவோர், அவனுக்கு முன்னரே பள்ளியை இழந்த அச்சிறுமியின் ஏமாற்றத்தைக் கேட்பதேயில்லை.

பிரிவும் அவ்வாறே. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேரும் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பிள்ளையின் நாடு எதுவென்பதைத் தகப்பனின் விண்ணப்பம் தீர்த்தது. ஒரே லயத்தில் ஒரு காம்பரா இந்தியாவுக்கும் அடுத்த காம்பரா இலங்கைக்கும் உரியதாயிற்று. கந்தப்பளைக்கு முன்னர் ஓடிய சிறு ரயில் மூடப்பட்டுவிட்டமையால், போகிறவர்கள் நானுஓயாவிலேயே கோச்சி ஏறவேண்டியிருந்தது. அங்கிருந்து தலைமன்னார்; பின்னர் இராமேஸ்வரத்துக்குக் கப்பல். போகிறவரும் நிற்பவரும் கட்டியழுத அந்த ரயிலுக்கு மலையகம் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

அந்த மேடையில் நின்ற சிறுவனின் காதல் கைகூடாமற் போனதற்கு இயற்கை பொறுப்பன்று; விதியும் பொறுப்பன்று. கொழும்பிலும் புதுடில்லியிலும் இட்ட கையொப்பங்களே பொறுப்பு. அவன் எழுத நேர்ந்தால் பிரசாவுரிமையைத் தவிர்த்துக் காதலை மட்டும் எவ்வாறு எழுதுவான்? அவனைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒன்றே. மென்மை இல்லை என்று தீர்ப்பளிப்போர், மென்மைக்கு ஒரேயொரு முகமே உண்டெனக் கருதுகின்றனர். அது நிலமும் ஓய்வும் பெற்ற வர்க்கத்தின் முகமாகும்.

கப்பல் 1984 இல் நின்றது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. ஆனால் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களையும் கந்தப்பளையில் தங்கியவர்களையும் எச்சட்டமும் மீண்டும் ஒரே வாங்கில் அமர்த்தவில்லை. பள்ளியை இடையில் விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். அவர்களது ஏமாற்றத்தையும் 'வயதின் கோளாறு' எனக் கூறித் தள்ளிவிடுவது விமர்சனமாகாது. ஏமாற்றியவர் யார் என்று வினவுவதே விமர்சனத்தின் முதற் கடமை.