ரோமியோ ஜூலியட்டைச் சொற்பட்டியலாக்க வேண்டாம்

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ ஆங்கிலப் பாடமாக வைக்கப்படும்போது, பெரும்பாலும் ஒரு சொற்பட்டியலும் கூடவே வந்துவிடுகிறது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், வாரக் கடைசியில் தேர்வு. தேர்வு முடிந்த கையோடு சொற்களும் மறந்துபோகின்றன. இதற்கு மாணவரின் நினைவாற்றலைக் குறை சொல்வது நியாயமில்லை. யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்பதையெல்லாம் உதறிவிட்டுப் பொருளை மட்டும் உருப்போடச் சொன்னால், மனதில் ஒட்டுவதற்கு அந்தச் சொல்லில் என்ன மிச்சமிருக்கும்? நாடகம் அள்ளித் தருவதே அந்தச் சூழலைத்தான்.

மூன்றாம் அங்கத்தின் இரண்டாம், மூன்றாம் காட்சிகளைப் பாருங்கள். ஜூலியட்டின் உறவினன் டைபால்ட்டை ரோமியோ கொன்றுவிட்டான். வெரோனாவின் இளவரசர் அவனுக்கு மரண தண்டனை விதிக்காமல் ஊரைவிட்டு வெளியேற்ற ஆணையிடுகிறார். ‘பானிஷ்ட்’ என்ற சொல் செவிலியின் வாய்வழியாக ஜூலியட்டை வந்தடைகிறது. டைபால்ட்டின் சாவைவிட அந்த ஒரு சொல்தான் அவளை அதிகம் வதைக்கிறது. அடுத்த காட்சியில் பாதிரியார் லாரன்ஸ் அதே தீர்ப்பை நல்ல செய்தியாகக் கொண்டுவருகிறார். உயிர் தப்பியதே பெரிது என்பது அவர் கணக்கு. ரோமியோவோ அதைவிடச் சாவே மேல் என்று தரையில் புரண்டு அழுகிறான். ஒருவருக்குக் கருணையாகத் தெரியும் தீர்ப்பு இன்னொருவருக்குக் கொடுமையாகிறது. அந்த வாக்குவாதத்தில் ‘எக்ஸைல்’, ‘மெர்ஸி’, ‘டூம்’, ‘லா’ எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. இப்படிக் கேட்ட சொல்லை மாணவர் தன் வாக்கியத்தில் துணிந்து எடுத்தாள்வார்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. விருந்தில் ரோமியோவை முதன்முதலாகச் சந்திக்கும் ஜூலியட் அவனை ‘யூ’ என்கிறாள். அன்றிரவே மாடத்தில் தனியாக நின்று அவனை நினைத்துப் பேசும்போது ‘தௌ’ என்கிறாள். நீங்கள், நீ என்று நாள் முழுக்க ஆள் பார்த்து மாற்றிப் பேசும் நமக்கு இதன் நெருக்கம் உடனே பிடிபடும். இன்றைய ஆங்கிலம் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் இழந்துவிட்டது.

1597-இல் அச்சேறிய நாடகத்தின் ஆங்கிலம் இன்று எதற்கு என்று கேட்கலாம். ‘எக்ஸைல்’, ‘மெர்ஸி’ போன்றவை இன்றைய செய்தித்தாளிலும் வருபவை. வழக்கொழிந்த சொற்களும் உண்டு, மறுக்கவில்லை. ‘வேர்ஃபோர்’ என்பதை ‘எங்கே’ என்று படிப்பவர் பலர். அதன் பொருள் ‘ஏன்’. மாடத்தில் இதைச் சொல்லும் ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை. பகைக் குடும்பத்தின் பெயரை அவன் ஏன் தாங்கியிருக்க வேண்டும் என்று தவிக்கிறாள். இத்தகைய சொற்களுக்குப் பக்க ஓரத்தில் குறிப்பு அவசியம்தான். காட்சியைப் படிக்க உதவும் குறிப்பை நான் எதிர்க்கவில்லை. காட்சிக்குப் பதிலாக வந்து உட்காரும் பட்டியலைத்தான் எதிர்க்கிறேன்.

நேரமில்லை என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. குடும்பத்தில் முதல் தலைமுறையாக ஆங்கிலம் படிப்பவரிடம் முழு நாடகத்தையும் கொடுத்தால் திணறுவார் என்பதும் உண்மை. சார்லஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை 1807-இல் உரைநடைக் கதைகளாக்கியது இளம் வாசகர்களுக்காகத்தான். முடிந்தவரை ஷேக்ஸ்பியரின் சொற்களையே அவர்கள் கையாண்டார்கள். ஆனாலும் அங்கே பெரும்பாலும் பேசுவது கதைசொல்லி. செவிலியும் பாதிரியாரும் எதிரெதிராகக் கேட்கும் குரல்களாக இல்லை. ஆகவே கதையை லாம்ப் வழியாகத் தெரிந்துகொள்ளட்டும்; மேலே சொன்ன இரண்டு காட்சிகளை மட்டுமாவது மூலத்தில், வகுப்பில் பாத்திரம் பிரித்து, உரக்கப் படிக்கட்டும். தேர்வில் ‘பானிஷ்ட்’ என்பதற்குப் பொருள் கேட்க வேண்டாம். பாதிரியார் அதைக் கருணை என்று ஏன் நினைத்தார், ரோமியோ ஏன் மறுத்தான் என்று அந்தச் சொல்லைக் கொண்டே நான்கு வரி எழுதச் சொல்லலாம்.